ஐந்தேமுக்கால் அடி வாசலுக்கு ஒரு கதவு

பிரபு,

முதலில் விஷயம். நான் ஜெயித்துவிட்டேன். பொங்கலன்று நீயே உன் வாயால் ஒப்புக்கொண்டாய், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் போனில் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? கடிதத்திலாவது கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள விடு. இதை ஷாலினிக்கும் படித்துக் காட்டு. உன் ஆபீஸ் நண்பர்களுக்கும் காட்டு. பீர்க்கன்கரணையில் தனியாக இருக்கும் அறுபத்தாறு வயது டெய்லர் ஒருத்தி, எந்தக் கடையிலும் கிடைக்காத அளவுள்ள வாசலுக்குப் பிள்ளையின் தயவில்லாமல் கதவு போட்டாள் என்று நாலு பேருக்குத் தெரியட்டும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிதான்.

கார்த்திகை மழையில் நான்கு நாள் ஊறிய பழைய கதவு, ஐந்தாம் நாள் காலையில் நிலையைக் கவ்விக்கொண்டு திறக்க மறுத்தது. நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். பின்பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சர் குடை பிடித்துக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக இட்லியும் காபியும் நீட்டினார். உனக்கு போன் செய்ததும் அவர்தான். நான் செய்திருக்க மாட்டேன். கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் ரோட்டுத் தண்ணீரில் நீ நீந்தாத குறையாக வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நான் இரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்திருந்தேன் என்பதை நீ கவனிக்கவில்லை. நீ கவனித்தது கதவை மட்டும்தான். ஒரு உதை விட்டாய். கீழ்ப்பலகை உடைந்து, உள்ளேயிருந்து கரையான் மண் பொலபொலவென்று கொட்டியது.

"போதும்மா. இதோட போதும்" என்றாய்.

"என்னடா போதும்?"

"ஒரு கதவ ஒழுங்கா வெச்சுக்க முடியல. தனியா எப்படிம்மா இருப்ப? உள்ள உனக்கு ஏதாவது ஆகியிருந்தா? ரூம் ரெடியா இருக்கு. ஷாலினி கர்ட்டன்கூட வாங்கிட்டா. பொங்கல் முடிஞ்ச கையோட வண்டி வரும், சொல்லி வெச்சுடறேன்."

கேட்கவில்லை, சொன்னாய். சட்டையெல்லாம் சேறாக, மூச்சு வாங்க நின்றுகொண்டு, என் வீட்டில் என் கண் முன்னால் என்னைப் பற்றித் தீர்ப்பு எழுதினாய். எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"பொங்கலுக்குள்ள நானே இந்த வாசலுக்குப் புதுக் கதவு போடறேன். உன்கிட்ட ஒரு உதவியும் கேக்க மாட்டேன். போட்டுட்டா இந்தப் பேச்ச நீ எடுக்கக் கூடாது."

"போடலன்னா?"

"நானே பெட்டி கட்டிக்கிட்டு வந்துடறேன்."

நீ சிரித்தாய். "டீல்" என்று கை கொடுத்தாய். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ரோஷம் வந்தது, சொல்லிவிட்டேன்.

அந்த வாசல் ஏன் அப்படி இருக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. தலையை இடித்துக்கொண்டு திட்டியதோடு சரி. உன் அப்பா வீடு கட்டியபோது, பழைய பங்களாக்களை இடித்த மரம் விற்கும் இடத்தில் ஒரு பர்மா தேக்கு நிலையைப் பார்த்து மயங்கிவிட்டார். ஏழடி உயரம், மூன்றடி பத்து அங்குல அகலம். கையிலிருந்த காசு நிலையோடு தீர்ந்துபோனதால் கதவு மட்டும் மட்டமான மரத்தில் வந்தது. நிலை நிறுத்திய அன்று அதன் அடியில் நவதானியமும் ஒரு குந்துமணித் தங்கமும் போட்டு, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். நீ அப்போது என் வயிற்றில். பிறகு தெருவுக்கு ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே மறுபடியும் போட்டார்கள். ரோடு உயர உயர, மழைத் தண்ணீர் கேட்காமலே உள்ளே வந்தது. எட்டு அங்குலம் தரையை உயர்த்தினோம். ஏரி நிரம்பி வழிந்த அந்தப் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் ஏழு அங்குலம். நிலையின் கால்கள் கான்கிரீட்டில் புதைந்து, ஏழடி வாசல் ஐந்தேமுக்கால் அடி ஆனது. அகலம் ஆளை அசத்தும், உயரம் ஆளைக் குனிய வைக்கும்.

ஒவ்வொரு முறையும் அப்பா கதவைக் கழற்றி, கீழே அறுத்துவிட்டு மாட்டினார். அறுத்த விளிம்புக்கு பெயிண்ட் அடிக்கவில்லை. கண்ணில் படாத இடம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். தண்ணீரும் கரையானும் அந்த விளிம்பு வழியாகத்தான் ஏறின. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, குறை எனக்கும் சேர்த்துத்தான். நீயும் ஷாலினியும் புதிதாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். யாரும் குனிந்து பார்க்காத விளிம்புக்கும் ஒரு கோட்டிங் அடித்துவிடுங்கள். மழை அங்கேதான் முதலில் குனிந்து பார்க்கும்.

மறுநாளே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊரப்பாக்கம் பக்கமிருக்கும் ஒரு கதவுக் கடைக்குப் போனேன். உள்ளே இருநூறு கதவு நிற்கிறது, ஒன்றும் எதையும் திறக்கவில்லை. கடைக்காரர் அளவு கேட்டார். உயரம் ஐந்தடி ஒன்பது, அகலம் மூன்றடி பத்து என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாத்திச் சொல்றீங்களாம்மா? உயரம் ஏழு. அகலம் மூணு, மூணேகால், மூணரை. இதுதான் ஸ்டாண்டர்ட். நீங்க சொல்றது கதவு இல்ல, கேரம் போர்டு."

"ஏழடிக் கதவ வெட்டிக் குடுங்க."

"ஓரத்துல ஒரு இன்ச் வெட்டலாம். பதினஞ்சு இன்ச் வெட்டினா உள்ள இருக்கற தக்கை எல்லாம் வெளிய வந்துரும். சரி, அகலத்துக்கு என்ன செய்வீங்க, இழுத்து விடுவீங்களா? பேசாம நிலையப் பேத்து எடுத்துட்டு, ஸ்டாண்டர்டா ஒண்ணு வெச்சுடுங்கம்மா."

தலையை இடித்துக்கொள்ளும்போதெல்லாம் நீ சொன்னதும் இதேதான். நிலையைப் பெயர்த்தால் மேலே பரண் தாங்கும் சுவரும் சேர்ந்து வரும் என்பது ஒரு காரணம். வாழ்கிற வீட்டில் நிலையைப் பிடுங்கக் கூடாது என்பது இன்னொன்று, அதை நீ மூடநம்பிக்கை என்பாய், சொல்லிக்கொள். மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரியது. முப்பத்தெட்டு வருடமாக இந்தத் தாம்பரம் சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். ஸ்டாண்டர்ட் உடம்பு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒருத்திக்கு இடது தோள் இறங்கியிருக்கும். ஒருத்திக்குக் குடம் தூக்கியே ஒரு பக்க இடுப்பு வளைந்திருக்கும். உடம்பை மாற்றிக்கொண்டு வா என்று யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. வாசலுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

கடைசியில், தொழிற்கூடத்தில் சொல்லி வேங்கை மரத்தில் அளவுக்குச் செய்து தருவதாகக் கடைக்காரர் இறங்கி வந்தார். "ஆள் அனுப்பி அளக்கட்டுமா? அப்புறம் மாத்த முடியாது" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என்னிடமா அளவு? டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே தூங்குகிறவள் நான். வீட்டுக்கு வந்து, மேலே அகலத்தை எடுத்தேன், வலப்பக்கம் உயரத்தை எடுத்தேன், சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று டீச்சரிடம் பீற்றிக்கொண்டதும் உண்மை.

மூன்று வாரம் கழித்து, மார்கழி பிறந்த மறுநாள் கதவு வந்தது. மூன்று பேர் இறக்கி வாசலில் சாய்த்துவிட்டுப் போனார்கள். அழகான கதவு. தேன் நிறம், நான்கு கட்டம். ஆனால் வாசலைவிடப் பெரியது. நாலா பக்கமும் அரை அங்குலம் பெரியது. ரோஸ்லின் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அக்கா, கதவு வாசல விடப் பெருசா இருக்கே?"

சீட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அளவை எழுதும்போது என் கை, என்னைக் கேட்காமல், நாலா பக்கமும் அரை அங்குலம் சேர்த்து எழுதியிருக்கிறது. தையலுக்கு விட்டிருக்கிறேன், பிரபு! மரக் கதவுக்கு! துணியில் பிடிப்பதற்கு விடுகிற மாதிரி. கதவு என்பது வாசலைவிடச் சின்னதாக இருக்க வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை.

உடைந்த கதவுக்குப் பிளைவுட் அடித்து ஒப்பேற்றியிருந்தேன். அதற்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், மறைக்கவில்லை. உனக்கு போன் செய்யக் கையிலும் எடுத்தேன். வண்டியை அனுப்பு என்று சொல்லிவிட்டால் ஒரே நிமிடம். தையலுக்கு விட்டு நான் கெடுத்த முதல் காரியம் இதுவல்ல என்றுதான் அப்போது ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பில் உனக்கு யூனிஃபார்ம் தைத்தேனே, வளருகிற பிள்ளை என்று இரண்டு வருடத்துக்கும் சேர்த்து விட்டு? நடந்தால் டவுசர் தனியாக நடந்தது. பையன்கள் கூடாரம் கூடாரம் என்று கூப்பிட்டார்கள். நீ வந்து அழுதபோது, "நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தேன். பிளஸ் டூ முடித்து நீ கேட்டரிங் படிக்கிறேன் என்றபோதும் அதையேதான் செய்தேன். பக்கத்துத் தெருப் பையன் இன்ஜினியரிங் எடுத்தான், அவன் அளவை வைத்து உனக்கு வெட்டினேன். நீ நன்றாகத்தான் சம்பாதிக்கிறாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு முன்னால் நிற்கும்போது உன் முகத்தில் இருக்கிற வெளிச்சம், மற்ற ஆறு நாளும் இல்லை. அதை நான் பார்க்காமல் இல்லை. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

போன் செய்யவில்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, பெருங்களத்தூரில் ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினேன். உனக்கு அவரைத் தெரியாது. தச்சர். மனைவியின் ஜாக்கெட்டுகளைக் கொடுக்க வருவார், வாங்க வருவார், வாசலைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டார். வந்தவர் கதவைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இன்னாமா இது, கதவு வாங்குனியா, கட்டில் வாங்குனியா?"

அவமானத்தை விழுங்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரசமட்டத்தை வைத்து, நூல் பிடித்து, வாசலை ஐந்தாறு இடத்தில் அளந்தார். அளக்க அளக்க அவர் முகம் மாறியது.

"வாசலு கோணலா கீதும்மா. ஏரிப் பக்கம் மண்ணு எறங்கிக்கினு போயிருக்கு. மேல மூணு பத்து, கீழ மூணு பத்தேமுக்கா. எடப்பக்கம் ஒசரம் முக்கா இன்ச்சு சாஸ்தி. நீ கரீட்டா அளவு குடுத்திருந்தன்னு வெய்யி, கதவு ரெண்டு பக்கமும் பத்தாம வந்திருக்கும். தூக்கி அடுப்புலதான் வெக்கணும். பெருசா எழுதின பாரு, பொழச்ச."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். எழுந்து நின்று கேட்டேன். கழுத்தை அளந்துவிட்டு இடுப்பை மறந்தவள் நான், அது தப்பு. ஆனால் சின்னதாய் வெட்டின துணியை எந்த டெய்லராலும் பெரிதாக்க முடியாது, விட்டு வைத்த துணியை எப்படியும் பிடிக்கலாம். முப்பத்தெட்டு வருடக் கைப்பழக்கம் ஒரு தப்பைச் செய்து, அந்தத் தப்பாலேயே என்னைக் காப்பாற்றியது.

அடுத்த முட்டுக்கட்டையும் ஏழுமலையே போட்டார். கோணல் வாசலுக்குக் கதவை மாட்டிப் பார்த்து, இடிக்கிற இடத்தைக் குறித்து, கழற்றி இழைத்து, மறுபடி மாட்டிப் பார்த்து, இப்படி நாலைந்து முறை செய்தால்தான் உட்காரும். ஆனால் மார்கழியில் வாசற்கதவு மாட்ட மாட்டாராம்.

"எங்கப்பன் மாட்டுனதில்ல, நானும் மாட்டுனதில்ல. இன்னா குடுத்தாலும் மார்கழில வாசக்கதவ நிலைல ஏத்த மாட்டேன். தை பொறக்கட்டும்."

"தை பொறந்தா எனக்கு டைம் முடிஞ்சிடும் ஏழுமலை. பொங்கலன்னிக்குப் பத்து மணிக்கு என் பையன் வருவான். அதுக்குள்ள கதவு நிக்கணும்."

"ரெண்டு மணி நேரத்துல நாலு தபா மாட்டிக் கயட்ட முடியுமா? நீயே சொல்லு."

அவர் சொன்னது நியாயம். மாதத்தை மீறச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. தீபாவளிக்குக்கூட செவ்வாய்க்கிழமை புதுத்துணியை நான் வெட்டுவதில்லை. மாட்டாமலே வாசலின் உடம்பு அந்தக் கதவுக்குத் தெரிய வேண்டும். எப்படி? யோசித்துக்கொண்டே மிஷினுக்குப் பக்கத்தில் தொங்கிய, வெளிநாட்டிலிருக்கும் ஒரு டாக்டர் அம்மாவின் ஜாக்கெட் அளவுக் காகிதத்தைப் பார்த்தேன். அவர் வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். உடம்பு இங்கே இருக்காது, காகிதம் இருக்கும். காகிதத்தை வைத்து வெட்டித் தைத்து அனுப்பினால் அங்கே கச்சிதமாக இருக்கும்.

மறுநாள் பூராவும் வேறு துணியைத் தொடவில்லை. துணிக்கடை அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, சார்ட் பேப்பரில் ஒட்டி, ஐந்தேமுக்கால் அடிக்கு ஒரு காகிதக் கதவு செய்தேன். ஓரங்களை நிலையோடு ஒட்டி நிறுத்தி, நகத்தால் அழுத்தி, எங்கெங்கே நிலை உள்ளே வருகிறதோ, எங்கெங்கே விலகுகிறதோ அப்படியே வெட்டினேன். டீச்சர் ஸ்டூலில் ஏறி மேல் ஓரத்தைப் பிடித்தார். மழையில் மரம் ஊதுமே, அதற்குச் சுற்றிலும் கால் அங்குலம் இந்த முறை உள்பக்கமாகப் பிடித்தேன். மேல், கீழ், கீல் பக்கம், தெருப் பக்கம் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் பார்க்காமல் வெட்டினால் இரண்டு கையும் இடது கையாகிவிடும். அதை நான் ஒருமுறை பட்டுச் சேலைத் துணியில் அனுபவித்திருக்கிறேன்.

ஏழுமலை காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மரத்துல ஜாக்கெட் வெட்டச் சொல்றியேம்மா" என்றார். ஆனால் கதவைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோய், காகிதத்தை மேலே விரித்து, கோடு போட்டு, அறுத்து, இழைத்தார். கோடு போடும் முன்பு அவர் காகிதத்தைத் திருப்பிப் போட்டிருந்தார் என்பதையும், தெருப் பக்கம் என்ற எழுத்தைக் காணாமல் தேடித்தான் சுதாரித்தார் என்பதையும் அவரே பிறகு ஒப்புக்கொண்டார். கதவின் அடி விளிம்புக்கு நானே போய் மூன்று கோட்டிங் பெயிண்ட் அடித்தேன். பட்டறையில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். பொங்கலன்று வேலைக்கு எவன் வருவான் என்று ஏழுமலை கடைசியாக ஒருமுறை முரண்டு பிடித்தார். அவர் மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும் பொங்கல் ஜாக்கெட்டுகளை மற்ற எல்லா ஆர்டருக்கும் முன்னால் தைத்து நீட்டினேன். "பால் பொங்குன ஒடனே வரேன்" என்றார்.

பொங்கலன்று உன் வீட்டில் பால் எப்போது பொங்கியது என்று தெரியாது. என் வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஏழரை மணிக்கு ஏழுமலை வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடிக்க ரோஸ்லின் டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள், எனக்காகப் பூவும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நிலைக்கு மஞ்சள் பூசினேன். பழைய கதவைக் கழற்றியதும் வாசல் பொக்கை வாய் மாதிரி திறந்து கிடந்தது. புதுக் கதவைத் தூக்கினார்கள். வேங்கை மரம், கனம் சொல்லி மாளாது. நான்கு கீல். முதல் கீல், இரண்டாவது கீல். ஒருமுறைதான் மாட்ட நேரம், காகிதம் பொய் சொல்லியிருந்தால் மறுநாள் என் பெட்டி உன் வண்டியில்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் உன் கார் திரும்பியது. பத்து மணிக்கு வருகிறவன் ஒன்பதுக்கே வந்துவிட்டாய். தோளில் கரும்போடு நீ இறங்க, மஞ்சள் கொத்தோடு ஷாலினி இறங்க, இங்கே மூன்றாவது கீலுக்குத் திருகு ஏறிக்கொண்டிருக்கிறது.

"அங்கேயே நில்லு! இன்னும் முடியல!" என்று நான் கத்திய கத்தலில் நாலு வீடு வெளியே வந்தது.

நின்றாய், பாவம். ரோட்டில், வெயிலில், ஆறடிப் பிள்ளை ஆறடிக் கரும்போடு. ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நான்காவது கீல் முடிந்தது. ஏழுமலை வேர்வையைத் துடைத்துவிட்டு, "நீயே சாத்தும்மா" என்றார். உள்ளே போய் நின்று, உன் முகத்துக்கு நேராக மெதுவாகச் சாத்தினேன். இடிக்கவில்லை. உரசவில்லை. சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய கோடு, மேலேயும் கீழேயும் வெளிச்சம் சமமாக. டக் என்று உட்கார்ந்தது. உள்ளே இருட்டில் நான் மட்டும். அந்த நொடியில் நான் குதித்தேன், பிரபு. முழங்கால் வலியோடு, நிஜமாகவே குதித்தேன்.

திறந்தபோது தெரு கை தட்டியது. நீ வந்து ஒற்றை விரலால் கதவைத் தள்ளினாய். விட்ட இடத்தில் நின்றது. இழுத்தாய், வந்தது. அதோடு விடுவாயா? போனை எடுத்து மேல் சட்டத்தில் வைத்து மட்டம் பார்த்தாய்.

"அம்மா, மேல சாய்வா காட்டுதும்மா."

"வாசலே சாய்வுதான்டா. கதவு வாசலுக்குப் போட்டது, உன் போனுக்கு இல்ல."

ஏழுமலை சிரித்த சிரிப்பு பெருங்களத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். நீயும் சிரித்துவிட்டாய். பிறகு அங்கேயே நின்று, எல்லோர் முன்னாலும், வண்டிக்காரருக்கு போன் செய்து வேண்டாம் என்று சொன்னாய். "ஜெயிச்சிட்டம்மா" என்றாய். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன். அதில் எனக்குக் கதவைவிடப் பெருமை. பதினொரு மணிக்கு என் பானை பொங்கியது. இந்தத் தெருவிலேயே கடைசிப் பொங்கல் என்னுடையதுதான், அதைப் பற்றி எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சாயங்காலம் கிளம்பும்போதுதான், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, குரலை இறக்கி ஒன்று கேட்டாய். "சரிம்மா, ஜெயிச்சிட்ட. ஆனா இப்படி எத்தன நாளைக்கு?" கிண்டலாகக் கேட்டிருந்தால் கிண்டலாகப் பதில் சொல்லியிருப்பேன். உன் கண் கலங்கியிருந்தது. போய்ட்டு வா என்று மட்டும் சொன்னேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அளவெடுக்க வருகிறவர்கள் டேப்பைப் பார்த்ததும் மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். அந்த அளவில் தைத்தால் வீட்டுக்குப் போனதும் இறுக்கிப் பிடிக்கும். அதனால் பேச்சுக் கொடுத்து, அவர்கள் மறந்து மூச்சு விடுகிற நேரத்தில் எடுப்பேன். நீ என்னை அளந்தது கார்த்திகை மழையில், கதவு சிக்கிய அந்த ஒரு காலையில். என் வருடத்தில் மிகக் கெட்ட நாள் அது. அந்த அளவில் எனக்கு ஒரு வாழ்க்கை தைத்தால் அது எனக்கு இறுக்கும். ஆனால் உன் கோபம் கோபமில்லை என்றும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நெஞ்சு வலித்த அன்று நீ பெங்களூரில் இருந்தாய். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பயத்தில்தான் கதவை உதைத்தாய். அது தெரிந்தும் அன்றைக்கு உன்னிடம் சவால் விட்டேன், கட்டிப் பிடித்திருக்க வேண்டியவள். அதுவும் என் தப்புதான்.

ஆகவே ஜெயித்தவள் இறங்கி வருகிறேன். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி கொடுத்தார்கள். ஒன்றை ரோஸ்லின் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன், இத்தனை வருடத்தில் யாரிடமும் கொடுக்காதவள். வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டுதான், உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை என்று டீச்சரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு நானே உன்னைக் கூப்பிடுவேன். கூப்பிடவில்லை என்றால் நீ கவலைப்படலாம், அதற்கு முன்னால் கூடாது. கேளம்பாக்கத்தில் அந்த அறையை எனக்காகச் சும்மா பூட்டி வைக்காதே. ஷாலினி சாப்பாட்டு மேசையில் தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டிங் பேசுகிறாள். அவளுக்கு அங்கே ஒரு நல்ல மேசை போட்டுக் கொடு. கர்ட்டன் அவள் ஆசைப்பட்டு வாங்கியது, அவளுக்கே இருக்கட்டும்.

எத்தனை நாளைக்கு என்றால், எனக்குத் தெரியாது. ஊசியில் நூல் கோக்க முடிகிற வரைக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் இருக்கலாம். ஆனால் ஒரு நாள் இந்த வீடு எனக்குப் பெரியதாகப் போகும். கதவு நன்றாகத்தான் இருக்கும், அதைத் திறக்க நடந்து வருவது தூரமாக இருக்கும். அந்த நாளை நீ கண்டுபிடிக்க வேண்டாம். ஒவ்வொரு முறை வரும்போதும் என் கையையும் காலையும் பார்த்துக் கணக்குப் போடவும் வேண்டாம். அது வந்தால் முதலில் தெரியப்போவது எனக்குத்தான். மறைக்க மாட்டேன், வீம்பு பிடிக்க மாட்டேன். டீச்சருக்கு முன்னால், டாக்டருக்கு முன்னால், உனக்குத்தான் சொல்வேன். பிரபு, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று நானே சொல்வேன். அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் வா.

அம்மா